முழங்கையால் அழுத்தினால் முழங்கால் வலி போகுமா?

கேள்வி: எனக்கு வயது 36. கோவையில் மோட்டார் பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலையில் நின்றுகொண்டே பார்க்கும் வேலை. ஒன்றரை ஆண்டாக ஓடுகிறேன். வாரத்தில் நான்கு நாள் ரேஸ் கோர்ஸில் ஐந்தாறு கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை பதினைந்து. சித்ரா பௌர்ணமிக்கு வெள்ளியங்கிரி ஏறினேன். ஏறும்போது ஒன்றும் இல்லை. இறங்கும்போது பாதி வழியில் வலது முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்கத் தொடங்கியது. அதிலிருந்து, ஓடினால் மூன்றாவது கிலோமீட்டரில் கத்தியால் குத்துவதுபோல் வலி வந்துவிடுகிறது. நின்றால் குறைகிறது. மாடிப்படி ஏற முடிகிறது, இறங்க முடியவில்லை. எக்ஸ்ரேயில் குறை எதுவும் தெரியவில்லை. பிசியோதெரபிஸ்ட் ஒருவர் என்னைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, காலைப் பின்னால் இழுத்துக் கீழே விட்டுப் பார்த்துவிட்டு, ‘ஐ.டி. பேண்ட் இறுகிவிட்டது, அழுத்தி நீட்ட வேண்டும்’ என்றார். ஒவ்வொரு முறையும் இடுப்பிலிருந்து முழங்கால் வரை முழங்கையால் அரை மணி நேரம் அழுத்துகிறார். தொடை நீலமாகிவிட்டது. இரண்டு நாள் நன்றாக இருக்கிறது, பிறகு பழைய கதைதான். இருபது சிட்டிங் ஆகும் என்கிறார். மாமனாரோ சுளுக்கு எடுப்பவரிடம் போகலாம் என்கிறார். எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா? டிசம்பரில் 21 கிலோமீட்டர் ஓட முடியுமா, மேடம்?

— பெயர் வேண்டாம், கோவை

பதில்: முதலில் அந்த நீல நிறத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது சிகிச்சை வேலை செய்வதற்கான அடையாளம் இல்லை. தோலுக்கு அடியில் சிறு இரத்தக் குழாய்கள் உடைந்து கன்றிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். வலிக்க வலிக்க அழுத்தினால்தான் குணமாகும் என்ற நம்பிக்கை எங்கள் பிசியோதெரபித் தொழிலில் இருப்பவர்களிடமும் இருக்கிறது, வருகிறவர்களிடமும் இருக்கிறது. மெதுவாக அழுத்தினால் ‘கொடுத்த காசுக்கு வேலை செய்யவில்லை’ என்று என்னிடமே முகம் சுளித்தவர்கள் உண்டு. அடுத்த முறை தொடை கன்றும் அளவுக்கு அழுத்தினால் நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் ஆஸ்பிரின் போன்ற இரத்தத்தை இளக்கும் மாத்திரை எதுவும் சாப்பிடுபவராக இருந்தால் இப்படி அழுத்துவதைக் கட்டாயம் நிறுத்த வேண்டும்.

உங்கள் வலி ஐ.டி. பேண்ட் சார்ந்ததாகத்தான் தெரிகிறது. அந்த முடிவில் உங்கள் பிசியோதெரபிஸ்டுடன் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ‘இறுகிவிட்டது, நீட்ட வேண்டும்’ என்பதில்தான் இருக்கிறது.

ஐ.டி. பேண்ட் என்பது இடுப்பெலும்பின் மேல் விளிம்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி, முழங்காலைத் தாண்டிக் கணைக்கால் எலும்பின் மேல் முனையில் இருக்கும் சிறு மேட்டில் போய் ஒட்டிக்கொள்ளும் தடித்த பட்டை. அது தசை இல்லை. தானாகச் சுருங்கவும் செய்யாது, தளரவும் செய்யாது. மேலே இரண்டு தசைகள் அதைப் பிடித்திருக்கின்றன. முன்பக்கம் கால்சட்டைப் பை இருக்கும் இடத்தில் டென்சர் ஃபேசியா லாட்டா என்ற சின்னத் தசை. பின்பக்கம் பிட்டத்தின் பெரிய தசை. இவை இழுத்தால் பட்டை விறைக்கும், விட்டால் தளரும். வழி நெடுகப் பட்டை தொடையெலும்போடு சவ்வால் பிணைக்கப்பட்டும் இருக்கிறது. அதாவது, இழுத்து நீட்டுவதற்கு இரு முனையிலும் கட்டிய தனிக் கயிறாக அது உடம்பில் இல்லை.

2008இல் ஒரு குழு இதைக் கணக்குப் போட்டே பார்த்தது. தொடைப் பட்டையையும் உள்ளங்கால் சவ்வையும் கையால் அழுத்தி ஒரே ஒரு சதவீதம் உருமாற்ற வேண்டுமானால்கூட, மனிதக் கை சாதாரணமாகக் கொடுக்கக்கூடிய விசை போதாது என்பதுதான் விடை. முழங்கை, இரும்புக் கருவி, ரோலர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

உங்களைப் பக்கவாட்டில் படுக்க வைத்துச் செய்ததற்கு ஓபர் பரிசோதனை என்று பெயர். அமெரிக்க எலும்பு மருத்துவர் ஓபர் 1930களில் சொன்னது. கால் கீழே இறங்காவிட்டால் பட்டை இறுகியிருக்கிறது என்று நாங்கள் எல்லோரும் படித்தோம். 2016இல் இறந்தவர் உடல்களில் இதைச் சோதித்தார்கள். பட்டையை வெட்டிவிட்ட பிறகும் கால் கூடுதலாக இறங்கவில்லை. இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளையும் இடுப்பு மூட்டின் உறையையும் வெட்டியபோதுதான் இறங்கியது. ஆக, உங்கள் கால் இறங்காததற்குப் பட்டையைக் குற்றம் சொல்வதற்கில்லை.

பிறகு வலி எங்கிருந்து வருகிறது? 1975இல் ரென் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், கடும் பயிற்சியில் இருந்த மரீன் படை வீரர்களிடம் இதைக் கண்டு எழுதினார். முழங்காலுக்குச் சற்று மேலே தொடையெலும்பின் வெளிப்பக்கத்தில் ஒரு புடைப்பு இருக்கிறது. கால் மடங்கி நிமிரும்போது பட்டை அதன் மேல் முன்னும் பின்னும் உரசிப் புண்ணாகிறது என்பது அவர் விளக்கம். நெடுங்காலம் எல்லோரும் அதைத்தான் சொன்னோம். 2006இல் உடற்கூறு ஆய்வாளர்கள் அந்த இடத்தைப் பிரித்துப் பார்த்தபோது, பட்டை அங்கே எலும்போடு நார்களால் கட்டப்பட்டிருப்பதைக் கண்டார்கள். உரசுவதற்கு அது அப்படி வழுக்கிப் போகவே வழியில்லை. பட்டையின் அடியில் நரம்பு முனைகளும் இரத்தக் குழாய்களும் நிறைந்த கொழுப்புத் திசு மெத்தையாக இருக்கிறது. முழங்கால் ஏறக்குறைய 30 டிகிரி மடங்கும்போது பட்டை அந்தக் கொழுப்பை எலும்போடு சேர்த்து நசுக்குகிறது. ஓடும்போது பாதம் தரையில் ஊன்றி உடல் எடை ஏறும் கணத்தில் முழங்கால் மடங்கியிருப்பதும் கிட்டத்தட்ட அந்தக் கோணத்தில்தான்.

மலை ஏறியபோது வராமல் இறங்கியபோது வந்த காரணம் இங்கேதான் இருக்கிறது. இறங்கும் ஒவ்வொரு அடியிலும் பின்னால் நிற்கும் கால், உடம்பின் முழு எடையையும் தாங்கிக்கொண்டு அந்த 30 டிகிரியை மெதுவாகக் கடக்கிறது. உயரம் சமமில்லாத கற்படிகளில் மணிக்கணக்காக அதைச் செய்துவிட்டு வந்து, ஓய்வு கொடுக்காமல் ஓடவும் செய்திருக்கிறீர்கள். ஓட்டத்தால் பழகிய கால் என்பதால் ஏற்றம் இலேசாக இருந்திருக்கும். இறக்கத்துக்குப் பழகிய கால் வேறு.

நீங்களே சரிபார்க்கலாம். கட்டிலில் மல்லாந்து படுத்து முழங்காலை நன்றாக மடக்குங்கள். முழங்கால் மூட்டின் வெளிப்பக்கம் விரலை வைத்து மேலே நகர்த்துங்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே ஒரு எலும்புப் புடைப்பு தட்டுப்படும். கட்டைவிரலால் அதை அழுத்திக்கொண்டே காலை மெதுவாக நீட்டுங்கள். முழுதாக நிமிர்வதற்குச் சற்று முன்னால், ‘இதே வலிதான்’ என்று சொல்லத் தோன்றினால், உங்கள் சந்தேகமும் என் சந்தேகமும் ஒன்றே. இது நோபிள் பரிசோதனை. வலி அதற்குக் கீழே, மூட்டு இடுக்கிலேயே இருந்தாலோ, மூட்டு வீங்கினாலோ, நடுவில் சிக்கிக்கொண்டு நிமிர மறுத்தாலோ வெளிப்பக்க ஜவ்வைச் சந்தேகிக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. அப்போதுதான் தேவை, அல்லது ஆறு எட்டு வாரம் முறையாகச் சிகிச்சை செய்தும் அசையாவிட்டால். இரவில் படுத்திருக்கும்போதும் வலி, கால் ஊன்ற முடியாத வலி, காய்ச்சல், கெண்டைக்கால் வீக்கம் ஆகியவற்றில் எது இருந்தாலும் பிசியோவிடம் வேண்டாம், நேரே மருத்துவரிடம் போங்கள். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், கொழுப்பின் எரிச்சல் தெரியாது. அதனால் அது சுத்தமாக வந்ததில் வியப்பில்லை.

ஒரு எச்சரிக்கை. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் குண்டாக ஒரு எலும்பு முனை தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு, தோலுக்கு மிக அருகில், பாதத்தைத் தூக்க உதவும் நரம்பு போகிறது. அங்கே யாரும் முழங்கையையோ கருவியையோ வைத்து அழுத்தக் கூடாது. பாதத்தின் மேல்புறம் மரத்துப்போவதுபோல் இருந்தால் உடனே சொல்லிவிடுங்கள்.

சரி, பட்டை நீளவில்லை என்றால் இரண்டு நாள் சுகமாக இருந்ததே, அது பொய்யா? பொய்யில்லை. தோலையும் தசையையும் நிதானமாக அழுத்தும்போது வலியைக் கடத்தும் நரம்புப் பாதைகள் சற்று அடங்குகின்றன, பட்டையை இழுத்துக்கொண்டிருக்கும் தசைகள் இளகுகின்றன. ஓரிரு நாளில் அந்த மாற்றம் தேய்ந்துவிடும். என் வாதமெல்லாம் இந்த ஓரிரு நாளைப் பற்றித்தான். கையால் செய்யும் சிகிச்சை இந்த வலிக்கு ஓர் இடைவெளியை வாங்கிக் கொடுக்கிறது. அந்த இடைவெளியில் நீங்கள் ஒன்றும் செய்யாமல், மறுபடி ஞாயிற்றுக்கிழமை ஓடிப் பார்த்து, மறுபடி வலித்து, மறுபடி போய்ப் படுத்தால் இருபது சிட்டிங் என்ன, நாற்பதும் ஆகும்.

நான் என்ன செய்வேன் என்று சொல்கிறேன்; உங்கள் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

முதல் இரண்டு வாரம் வலிக்கும் புடைப்பின் மேல் கை வைக்க மாட்டேன். அங்கே ஏற்கெனவே நசுங்கி எரிச்சலில் இருக்கும் திசுவை நானும் சேர்ந்து நசுக்குவதில் என்ன பொருள்? குறுக்குவாட்டில் ஆழமாகத் தேய்க்கும் முறை ஒன்று உண்டு. லண்டன் மருத்துவர் சிரியாக்ஸ் பரப்பியது, நம் கல்லூரிகளிலும் பாடம். அதைப் பற்றி வந்த ஆய்வுகளை 2014இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு மதிப்பீட்டுக் குழு தொகுத்துப் பார்த்துவிட்டு, முழங்காலின் இந்த வலிக்கு அது உதவுகிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதியது. எனவே அதை நான் விட்டுவிட்டேன்.

கை போக வேண்டிய இடம் மேலே இருக்கிறது. இடது பக்கம் சாய்ந்து படுக்க வைத்து, இரு முழங்கால்களுக்கும் நடுவே தலையணை வைப்பேன். இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து சற்றுக் கீழே, வெளிப்பக்கமாக, முன்பு சொன்ன அந்தச் சின்னத் தசை இருக்கிறது. முழங்காலை உட்பக்கம் திருப்பச் சொன்னால் விரலுக்கு அடியில் துள்ளும்; அதுதான். கட்டைவிரல் மேல் கட்டைவிரல் வைத்து மெல்ல எடையைச் சாய்த்து, ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் அப்படியே நிற்பேன். பத்துக்கு நான்கு என்று நீங்கள் சொல்லும் வலியோடு நிறுத்திக்கொள்வேன். மூச்சைப் பிடித்துக்கொண்டாலோ கால்விரல்களைச் சுருட்டினாலோ அழுத்தம் அதிகம் என்று பொருள், வாய்விட்டுச் சொல்லக் காத்திருக்க வேண்டியதில்லை. கொஞ்ச நேரத்தில் தசை தானாக விட்டுக்கொடுப்பது விரலுக்குத் தெரியும். அடுத்து பிட்டத்தின் மேல்பகுதி, பிறகு தொடையின் வெளிப்பக்கத்தில் பட்டைக்கு அடியில் இருக்கும் பெரிய தசை. அதைப் பட்டையின் முன் ஓரமாக விரல் நுழைத்துப் பிடிக்க வேண்டும், பட்டையின் மேலேயே உழக் கூடாது. பட்டையிலிருந்து சில நார்கள் முழங்கால் சில்லுக்கும் போகின்றன. சில்லு உட்பக்கம் நகர மறுத்தால் அதையும் மெல்ல நகர்த்திவிடுவேன். எல்லாம் சேர்த்து பத்துப் பதினைந்து நிமிடம்.

இதில் முக்கியமானது தொடங்குமுன்னும் முடிந்ததும் ஒரே சோதனையைச் செய்து பார்ப்பது. ஒரு படிக்கட்டு உயரப் பலகையில் வலது காலில் நின்று, இடது குதிகால் தரையைத் தொடும்வரை மெதுவாக இறங்கச் சொல்வேன். வலி ஆறிலிருந்து மூன்றானால் கை வைத்த இடம் சரி. மூன்று முறை வந்தும் மாற்றமே இல்லையென்றால் அந்த இடத்தையோ முறையையோ மாற்ற வேண்டும். இந்தச் சோதனை இல்லாமல் இருபது சிட்டிங் என்று முன்கூட்டியே யாரும் சொல்ல முடியாது. வாரம் ஒன்று அல்லது இரண்டு முறை, நான்கிலிருந்து ஆறு வாரம். பெரும்பாலானவர்களுக்கு அது போதும். மொத்தப் பணத்தையும் முன்னதாகக் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள்.

கையால் சிகிச்சை செய்த அன்றே, அந்தச் சுகம் இருக்கும்போதே, பயிற்சி. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஃபிரெடெரிக்சன் குழு 2000இல் வெளியிட்ட ஆய்வில், இந்த வலி இருந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு வலித்த பக்கத்து இடுப்பின் பக்கவாட்டுத் தசைகள் பலவீனமாக இருந்தன. 24 பேருக்கு ஆறு வாரம் அந்தத் தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சி கொடுத்தார்கள். 22 பேர் வலியின்றி ஓடத் திரும்பினார்கள். பயிற்சி செய்யாத ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு என்பதால் இதை வேதவாக்காக எடுக்க மாட்டேன். ஆனாலும் இடுப்பு தளர்ந்து முழங்கால் உட்பக்கம் சாயும் ஒவ்வொரு அடியிலும் பட்டை விறைக்கிறது என்பதைக் கண்ணாடி முன் ஒற்றைக் காலில் குந்திப் பார்த்தாலே நீங்கள் உணரலாம்.

முதல் பயிற்சியைச் சுவரோரம் செய்யுங்கள். முதுகும் குதிகாலும் சுவரைத் தொடும்படி இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, வலது காலைச் சுவரில் உரசியபடியே தூக்கி இறக்க வேண்டும். கால்விரல் கூரையைப் பார்க்கக் கூடாது. சுவரை விட்டுக் கால் முன்னால் வந்தாலும், விரல் மேலே திரும்பினாலும், பலப்பட வேண்டிய பிட்டத் தசை ஒதுங்கிக்கொண்டு அந்தச் சின்னத் தசையே வேலையைப் பிடுங்கிக்கொள்ளும். பார்க்க எளிது. சரியாகச் செய்தால் பன்னிரண்டாவது முறைக்குள் பிட்டத்தின் பக்கவாட்டில் எரியும். தொடையின் முன்பக்கம் எரிந்தால் தவறாகச் செய்கிறீர்கள். பன்னிரண்டு முதல் பதினைந்து முறை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். இது எளிதானபின் படியின் ஓரத்தில் வலது காலில் நின்று, இடது இடுப்பைக் கீழே இறக்கி மேலே ஏற்றுவது. பிறகு படியிறங்கும் அந்தச் சோதனையையே பயிற்சியாக்கலாம். தொழிற்சாலையில் நிற்கும்போது எடையை ஒரே காலில் போட்டு இடுப்பைத் தள்ளி நிற்கும் பழக்கம் இருந்தால் அதையும் கவனியுங்கள்.

ரோலர் வைத்திருந்தால் பட்டையின் மேல் உருட்டிக் கண்ணீர் விட வேண்டாம். பிட்டத்துக்கும் தொடையின் முன்பக்கத்துக்கும் பயன்படுத்துங்கள். உங்கள் மாமனார் சொல்வதைப் பற்றி: எண்ணெய் தேய்த்து நீவி விடுவதில் கெடுதல் இல்லை, நீவிவிட்ட பிசியோவின் இரண்டு நாள் சுகம் அங்கேயும் கிடைக்கும். ஆனால் இது சுளுக்கு இல்லை. முழங்காலைப் பிடித்து முறுக்கிச் சத்தம் வரவழைப்பவராக இருந்தால், மாமனாரிடம் நயமாகச் சொல்லி எண்ணெயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஓட்டத்தை முழுவதும் நிறுத்தச் சொல்ல மாட்டேன். மூன்றாவது கிலோமீட்டரில் வலிக்கிறதென்றால் இரண்டில் நிறுத்துங்கள். வலி வந்தபின் அதோடு மல்லுக்கட்டி ஓடுவதுதான் வாரக்கணக்கில் பின்னுக்கு இழுக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள், சமதளத்தில். நீண்ட மெதுவோட்டத்தைவிட, அரை நிமிடம் சற்று வேகமாக ஓடி ஒரு நிமிடம் நடப்பது பலருக்கு வலிக்காமல் இருக்கிறது. ரேஸ் கோர்ஸில் தினமும் ஒரே திசையில் சுற்றாமல் திசையை மாற்றுங்கள். சாலையோரம் சரிவாக இருக்கும் பக்கத்தைத் தவிருங்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். 160 என்றால் அதே வேகத்தில் 168லிருந்து 176க்குள் கொண்டுவாருங்கள். அடி குட்டையாகும், முழங்காலில் விழும் சுமை குறையும். பாதங்கள் ஒரே கோட்டின் மேல் விழுகின்றனவா என்றும் யாரையாவது பின்னாலிருந்து கைபேசியில் படமெடுக்கச் சொல்லுங்கள். அப்படி விழுந்தால் கொஞ்சம் அகட்டி ஓடுங்கள். இரு பாதங்களுக்கும் நடுவே அகலம் குறைந்தால் பட்டை கூடுதலாக இழுபடுகிறது. ஐந்து, பத்து நாளிலேயே வித்தியாசம் தெரியாவிட்டால் மனம் தளர வேண்டாம், இடுப்புத் தசை பலப்பட வாரங்கள் ஆகும்.

அதுவரை மாடிப்படி இறங்கும்போது வலது காலை முதலில் கீழே வையுங்கள். மடங்கித் தாங்கும் வேலை இடது காலுக்குப் போய்விடும். கைப்பிடி இருந்தால் இடது கையால் பிடியுங்கள். அடுத்த ஆண்டு வெள்ளியங்கிரியில் மூங்கில் கம்பும் இடது கையில்தான்.

டிசம்பர் ஓட்டத்துக்கு இப்போதே பணம் கட்ட வேண்டாம். அக்டோபர் கடைசிக்குள் பன்னிரண்டு கிலோமீட்டர் வலியில்லாமல் ஓடி, மறுநாள் காலை வலது காலில் நின்று அந்தப் பலகையிலிருந்து பத்து முறை வலியின்றி இறங்க முடிந்தால் 21க்குப் பெயர் கொடுங்கள். ஒன்றில் தவறினாலும் 10 கிலோமீட்டர் பிரிவில் ஓடுங்கள். வலியைக் குறைக்க ஓட்டத்துக்கு முன் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று அடுத்த கடிதம் வரும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: அது முதல் இரண்டு வாரத்துக்கு வலியைக் குறைக்கும் என்பது உண்மை, 21 கிலோமீட்டர் ஓடுவதற்காகப் போட்டுக்கொள்ளக் கூடாது.